அல்பினோ: வெளுத்த மீன் வேறு, கண்ணாடி மீன் வேறு

மீன் வெளுத்திருந்தால் அல்பினோ, உடம்புக்குள்ளே முள் தெரிந்தால் அதுவும் ஒருவகை அல்பினோ என்று பலரும் எழுதிவிடுகிறார்கள். இரண்டும் ஒன்றல்ல. தமிழில் இரண்டுக்கும் சேர்த்து 'நிறமியின்மை' என்று போட்டுவிடுவதால் குழப்பம் இன்னும் கூடுகிறது.

முதலில் சொல்லின் கதை. லத்தீனில் 'அல்புஸ்' என்றால் வெள்ளை. அதன் வழியில் போர்த்துக்கீசிய மொழியில் உருவான சொல்தான் 'அல்பினோ'. முதலில் மனிதர்களைக் குறிக்கப் புழங்கியது, அப்புறம் எலி, முயல், மீன் என்று எல்லாவற்றின் மேலும் ஒட்டிக்கொண்டது. ஆக, சொல் காட்டுவது வெறும் தோற்றத்தை. உயிரியலில் அதற்குப் பொருள் இன்னும் கறாரானது: உடலில் மெலனின் என்ற கருநிறமி உருவாகாத நிலை.

மனிதத் தோலில் நிறம் பெரும்பாலும் மெலனினால்தான் வருகிறது, அது போனால் வெளுப்பு. மீன் விஷயம் அப்படி இல்லை. அதன் தோலில் கருப்புக்கு மெலனோஃபோர், மஞ்சளுக்கு சாந்தோஃபோர், வெள்ளி மினுமினுப்புக்கு இரிடோஃபோர் என்று தனித்தனிச் செல்கள் உண்டு. இதில் இரிடோஃபோருக்குள் சாயம் என்று எதுவும் கிடையாது. குவானின் படிகங்கள் மெல்லிய தகடுகளாக அடுக்கடுக்காய் நின்று ஒளியைத் திருப்பி அனுப்புகின்றன, அவ்வளவுதான். (குவானோ என்பது பறவை எச்ச உரம், அதிலிருந்து முதலில் பிரித்தெடுத்ததால் குவானின். அத்தனை பளபளப்புக்கு இப்படி ஒரு பெயர்!)

அல்பினோ மீனில் மெலனோஃபோர் செல் இருந்த இடத்திலேயே இருக்கிறது, உள்ளேதான் சரக்கு இல்லை. டைரோசின் என்ற அமினோ அமிலத்தை மெலனினாக மாற்றும் வேலையைத் தொடங்கிவைக்கும் டைரோசினேஸ் நொதி பழுதாகியிருக்கலாம், அல்லது அந்தப் பாதையில் வேறெங்காவது உடைந்திருக்கலாம். மெக்சிகோவின் பச்சோன், மோலினோ குகைகளில் வாழும் அஸ்டியானக்ஸ் மெக்சிகானஸ் மீன்கள் இதற்கு அருமையான சான்று. இரண்டு குகையிலும் ஓசிஏ2 என்ற ஒரே மரபணுதான் கெட்டிருக்கிறது, ஆனால் வெவ்வேறு துண்டுகள் காணாமல் போயிருக்கின்றன. அதாவது ஒன்றிடமிருந்து ஒன்றுக்குப் போகாமல் தனித்தனியாக நடந்த இழப்பு என்று 2006இல் தெரியவந்தது. இப்படிக் கருப்பு போனாலும் மஞ்சள் செல்லும் வெள்ளிச் செல்லும் தங்கிவிட முடியும், பல அல்பினோ மீன்கள் பொன்மஞ்சளாக மின்னுவது அதனால்தான். மஞ்சள் நிறமி கண்ணெதிரே இருக்கும்போது அதைப்போய் 'நிறமியின்மை' என்பது எனக்கு ஒப்பவில்லை.

சரி, கண்ணாடி மீன்? ஆய்வகங்களில் வளர்க்கும் வரிக்குதிரை மீனை எடுத்துக்கொள்வோம். அதில் மிட்ஃபா என்ற மரபணு கெட்டால் தோலில் மெலனோஃபோர் செல்லே உருவாகாது. இந்த வகைக்கு 'நேக்கர்' என்று பெயர், முத்துச்சிப்பியின் உட்புறப் பளபளப்பைக் குறிக்கும் சொல். வெள்ளிச் செல்கள் மிச்சம் இருப்பதால் உள்ளே பார்க்க முடியாது. இரிடோஃபோரை இழந்த 'ராய்' என்ற இன்னொரு வகையோடு இதைச் சேர்த்து, 2008இல் பாஸ்டன் ஆய்வாளர்கள் 'காஸ்பர்' என்ற மீனை உருவாக்கினார்கள். பெயர் கார்ட்டூன் பேயுடையது. இரண்டு பண்பும் ஒடுங்கு பண்பு, அதாவது தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால்தான் வெளிப்படும் என்பதால் முதல் தலைமுறை முழுக்கச் சாதாரண மீனாகவே பிறக்கும், அவற்றைத் தங்களுக்குள் இணைத்தால் சராசரியாகப் பதினாறில் ஒன்று காஸ்பர். வளர்ந்த மீனிலும் இதயம் துடிப்பது, பெண்ணாக இருந்தால் வயிற்றில் முட்டை திரண்டிருப்பது எல்லாம் வெளியிலிருந்தே தெரியும். புற்றுச்செல் உடலில் பரவுவதை உயிருள்ள மீனிலேயே பார்க்கிறார்கள்.

இரண்டையும் பிரித்தறிய எளிய வழி கண். அல்பினோவின் கண்ணிலும் மெலனின் இருக்காது, இரத்தத்தின் சிவப்பு தெரியும். காஸ்பரின் கண் கருகருவென்று இருக்கும். விழித்திரைக்குப் பின்னாலுள்ள கருப்புப் படலம் கருவில் வேறு இடத்திலிருந்து வருகிறது, தோலின் நிறமிச் செல்கள் வருகிற 'நரம்பு முகடு' என்ற கருச்செல் கூட்டத்திலிருந்து அல்ல. அதனால் மிட்ஃபா கெட்டாலும் அது தப்பிவிடுகிறது.

இனி தமிழ்ச் சொல். 'வெளிறல்' என்று சிலர் எழுதுகிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் வெளிறு என்பது வைரம் பாயாத மரத்துக்கும் பெயர், குறள் 503இல் அதற்கு அறியாமை என்று பொருள். ஒரு மரபுப் பண்புக்கு, அதுவும் மனிதர்களுக்கும் பொருந்த வேண்டிய சொல்லுக்கு, அந்தச் சுமை வேண்டாம். என் தேர்வு 'மெலனின் இன்மை'. தனித்தமிழ்தான் வேண்டுமென்றால் 'கருநிறமியின்மை'. நேக்கர், காஸ்பர் போன்றவற்றுக்கு 'நிறமிச் செல் இழப்பு' என்பதே சரி. தோற்றத்தைச் சொல்ல, பாடநூலில் படித்த 'ஒளி ஊடுருவும்' இருக்கவே இருக்கிறது. மங்கலாக மட்டும் தெரிந்தால் 'ஒளி கசியும்'.

இயற்கையிலேயே கண்ணாடியாக இருக்கும் மீன்களை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். 2013இல் கிரிப்டாப்டெரஸ் விட்ரியோலஸ் என்று பெயர் பெற்ற தாய்லாந்துக் கெளுத்தியில் எந்த மரபணுவும் பழுதாகவில்லை, அந்த இனமே அப்படித்தான். அதற்குக் கண்ணாடிக் கெளுத்தி என்றே எழுதலாம்.