38 மீட்டர், எங்கிருந்து?

சென்னை விமான நிலையத்தை ஒட்டிய பொழிச்சலூர் பக்கம் ஒருவர் ஸ்டில்ட்டும் (தூண்கள் மட்டும் நிற்கும் வாகன நிறுத்தத் தளம்) அதன்மேல் ஐந்து தளங்களும் கட்ட என்னிடம் வந்தார். விமான நிலைய ஆணையத்தின் தடையில்லாச் சான்றை முன்பே வாங்கி வைத்திருந்தார். அதில் அனுமதிக்கப்பட்ட உச்சி மட்டம் 38 மீட்டர். "நாம கட்டப்போறது 18 மீட்டர்தானே சார், இன்னும் ஆறு மாடி ஏத்தலாம் போல" என்று சிரித்தார்.

அந்த 38 மீட்டர் அவர் மனையின் தரையிலிருந்து எண்ணுவது அல்ல, கடல் மட்டத்திலிருந்து எண்ணுவது. அவருடைய மனையே கடல் மட்டத்துக்கு 16 மீட்டர் மேலே இருக்கிறது. ஆக, கட்டடத்துக்கு மிஞ்சுவது 22 மீட்டர். அதற்குள்ளும் 18 அடங்குமே என்றார். மொட்டை மாடித் தளம் அடங்கும். அதற்கு மேலே ஹெட்ரூம் என்கிற மாடிப்படி அறை, லிஃப்ட் மெஷின் ரூம், அதன் தலையில் தண்ணீர்த் தொட்டி எல்லாம் சேர்ந்து 5 மீட்டர். இடிதாங்கி இன்னொரு மீட்டர். மொத்தம் 24.

இங்கேதான் நம் ஆட்கள் அதிகம் தடுக்கி விழுகிறார்கள். கட்டட அனுமதிக்கு உயரம் கணக்கிடும்போது ஹெட்ரூமையும் தொட்டியையும் சேர்ப்பதில்லை. வரைபடம் போடும் எங்களுக்கும் கை அப்படியே பழகிவிட்டது. விமானத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. ஆன்டெனா, இடிதாங்கி, மாடிப்படி அறை, தொட்டி எதுவுமே உச்சி மட்டத்தைத் தாண்டக்கூடாது என்று சான்றிலேயே நிபந்தனையாக எழுதியிருக்கும். அதைப் படிப்பவர்கள் குறைவு.

சரி, 38 என்ற எண் எப்படி வருகிறது? ஓடுபாதையின் நேர்க்கோட்டில், அதன் முனையைத் தாண்டி, கண்ணுக்குத் தெரியாத ஒரு சரிவுப் பலகை வானில் சாய்ந்து கிடப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். பெரிய ஓடுபாதைகளுக்கு அதன் சரிவு 2 சதவீதம். 100 மீட்டர் தள்ளிப் போனால் 2 மீட்டர் உயரும். ஓடுபாதை மட்டமும் 16 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், சரிவு தொடங்கும் இடத்திலிருந்து 1,100 மீட்டரில் இருக்கும் மனைக்கு 22 மீட்டர்தான். இதே தூரத்தில், ஆனால் ஓடுபாதைக்குப் பக்கவாட்டில் இருக்கும் மனைக்கு, ரேடார் போன்ற வேறு தடை இல்லாவிட்டால் 45 மீட்டர் வரை கிடைக்கலாம். "பக்கத்து ஏரியாக்காரனுக்கு மட்டும் எப்படிக் கொடுத்தாங்க?" என்று என்னிடம் கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

இன்னொரு கேள்வியும் வரும்: "பரங்கிமலையே அங்க நிக்குதே சார், என் தொட்டியா இடிக்கப்போவுது?" மலை நேற்று முளைக்கவில்லை. விமானிகளின் வரைபடத்தில் அது இருக்கிறது, ஏறும் வழியும் இறங்கும் வழியும் அதைக் கணக்கில் வைத்தே வகுக்கப்பட்டவை. யாரிடமும் சொல்லாமல் உயர்ந்த தொட்டி எந்த வரைபடத்திலும் இருக்காது. இரண்டு இன்ஜின் விமானம் புறப்படும்போது ஒன்று நின்றுபோனால், மற்றொன்றை வைத்து குறைந்தது 2.4 சதவீத ஏற்றத்தில் ஏறியாக வேண்டும். தடைகளைத் தாண்டும் கணக்கில் அதிலும் 0.8 கழித்து 1.6 என்றுதான் எடுப்பார்கள். அவ்வளவு மெல்லிய ஏற்றம். வழியில் புதிதாக ஒன்று நீட்டிக்கொண்டால், எடையைக் குறைத்துத்தான் கிளம்ப வேண்டிவரும்.

விதிமுறை பெரிய புதிர் இல்லை. 2015ஆம் ஆண்டின் உயரக் கட்டுப்பாட்டு விதிகளின்படி, விமான நிலையத்தைச் சுற்றி 20 கிலோமீட்டர் வரை இந்தக் கணக்கு பொருந்தும். சென்னைக்கு வண்ணம் தீட்டிய மண்டல வரைபடம் உண்டு. சிவப்புக் கட்டத்தில் உங்கள் மனை விழுந்தால் ஆணையத்தின் சான்று கட்டாயம். மற்ற நிறங்களில் குறிப்பிட்ட உயரம் வரை உள்ளூர் அமைப்பே அனுமதிக்கலாம். தாம்பரம் பக்கம் என்றால் விமானப்படையையும் கேட்க வேண்டும். விண்ணப்பத்தில் கொடுக்கும் தரைமட்டத்தைத் தயவுசெய்து செல்போன் ஆப்பில் பார்த்து எழுதாதீர்கள். முறையான சர்வேயரை வைத்து அளந்து வாங்குங்கள். தப்பான அளவைக் கொடுத்து வாங்கிய சான்று செல்லாது.

மீறினால் என்ன ஆகும் என்பதற்கு மும்பையைப் பார்க்கலாம். அங்கே விமான நிலையத்தைச் சுற்றி வரம்பு மீறிய 48 கட்டடங்களில், மீறிய பகுதியை இடிக்கும் நடவடிக்கை எடுக்கும்படி 2022 ஜூலையில் உயர் நீதிமன்றம் சொன்னது. மேல் மாடியை வாங்கியவர் நிலையை யோசித்துப் பாருங்கள்.

பொழிச்சலூருக்கு வருவோம். மெஷின் ரூம் தேவைப்படாத லிஃப்ட், அதுவும் ஐந்தாம் தளத்தோடு சரி. ஹெட்ரூம் 2.6 மீட்டர். தொட்டியைத் தலையிலிருந்து இறக்கி மொட்டை மாடியிலேயே தாழ்வாகப் பரப்பினோம். இடிதாங்கியோடு 21.6 மீட்டரில் முடிந்தது. அவருக்கு முகம் கொஞ்சம் சுருங்கியது, ஒத்துக்கொண்டார்.

கிரகப்பிரவேசத்தன்று சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தபோது பின்னாலேயே வந்தார். செல்போன் கம்பெனிக்காரர்கள் மொட்டை மாடியில் டவர் வைக்கக் கேட்கிறார்களாம், நல்ல வாடகையாம். எவ்வளவு உயரம் என்றேன். 9 மீட்டராம். எங்களிடம் மிச்சம் இருந்தது 40 சென்டிமீட்டர்.