நெசவாளர் முத்ரா கடன்: முதலில் அட்டையில் யார் பெயர் என்று பாருங்கள்

பருத்திச் சால்வை நெய்கிறவரிடம் நூல் வாங்கப் பணம் இல்லையென்றால், முதலாளி தரும் பாவு நூலை (தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்) வாங்கிக் கூலிக்கு நெய்ய வேண்டியதுதான். சொந்தமாக நூல் வாங்க மத்திய அரசு வைத்திருக்கும் வழி நெசவாளர் முத்ரா கடன். வட்டி 6 சதவீதம், 3 வருடத்துக்கு. வங்கி வட்டியில் மிச்சத்தை அரசு கட்டும், அதுவும் 7 சதவீதம் வரைதான். கடனில் 20 சதவீதத்தை, அதிகபட்சம் 25,000 ரூபாய், மார்ஜின் தொகையாக, அதாவது கடன் வாங்குகிறவர் தன் பங்காகப் போட வேண்டிய பணமாக, அரசே போடும். 50,000 கடன் என்றால் 10,000. அது ரொக்கமாகக் கைக்கு வராது. இந்தப் பத்தாயிரத்தை வாங்கித் தருகிறேன் என்று யாராவது கமிஷன் கேட்டால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

எல்லாவற்றுக்கும் நெசவாளர் அடையாள அட்டை வேண்டும். சிக்கல் அங்கேதான். கணக்கெடுப்பில் பெயர் வந்தவருக்குத்தான் அட்டை. 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் வந்த தொழிலாளர்கள் 35 லட்சத்துக்கு மேல். பத்தில் ஏழு பேருக்கு மேல் பெண்கள். ஆனால் எனக்குத் தெரிந்த ஓர் அக்கா இருபது வருடமாகத் தறியில் உட்காருகிறார், அட்டையோ வீட்டுக்காரர் பெயரில். வீட்டுக்காரரோ தறியை விட்டு மில்லுக்குப் போய்ப் பல வருடமாகிறது. கணக்கெடுக்க வந்தவர் குடும்பத் தலைவர் யார் என்று மட்டும் கேட்டு எழுதிக்கொண்டு போய்விட்டார். அக்கா கடன் கேட்டுப் போனால், வங்கியில் உங்கள் பெயரில் அட்டை எங்கே என்றார்கள். கைத்தறி அலுவலகத்தில் பட்டியலில் பெயரே இல்லையே என்றார்கள். ஐந்து நடை. தறி நின்ற நாளுக்குக் கூலி கிடையாது என்பது மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்குத் தெரியாதா என்ன?

அதனால் அட்டையை இன்றே எடுத்துப் பாருங்கள். பெயர் ஆதாரில் உள்ளபடி இருக்கிறதா? நெசவாளர் என்று இருக்கிறதா, துணைத் தொழிலாளர் என்றா? தார் சுற்றுகிறவர் (குறுக்கே ஓடும் நூலைக் குழலில் சுற்றுகிறவர்), பாவு ஓட்டுகிறவர் துணைத் தொழிலாளர். நெய்கிறவரையும் அப்படி எழுதியிருந்தால் மனு எழுதிக் கொடுங்கள். கொடுத்ததற்கு ஒப்புகை வாங்காமல் நகராதீர்கள். வாயால் சொன்னது அடுத்த நடையில் யாருக்கும் ஞாபகம் இருக்காது.

அப்புறம் வங்கி. இங்கே பலர் ஏமாறுவது ஒரே இடத்தில்: "எல்லாம் முத்ராதானே" என்று எல்லாச் சிறுதொழிலுக்கும் தரும் சாதாரண முத்ரா கடனைப் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். அதற்கு இந்த 6 சதவீதமும் இல்லை, மார்ஜின் தொகையும் இல்லை. மானியத்தை வங்கிக் கிளைதான் அரசிடம் கேட்டு வாங்க வேண்டும், நீங்கள் தனியாகக் கேட்க முடியாது. ஆகவே கடன் அனுமதிக் கடிதத்தில் 'நெசவாளர் முத்ரா' என்று இருந்தால் மட்டும் கையெழுத்துப் போடுங்கள். பத்திரம், நகை, அடமானம் என்று கேட்டால், முத்ராவுக்கு அடமானம் கிடையாது என்று சொல்லுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். எழுத்து என்றதும் பல இடங்களில் தொனி மாறும்.

பழைய கடனில் பாக்கி இருந்தால் முதலில் அதை முடியுங்கள், இல்லையென்றால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். புதிய கடனிலும் தவணை தவறி வாராக் கடனானால் வட்டி மானியம் நின்றுபோகும். தறி ஓடாத மாதத்தையும் கணக்கில் வைத்துத் தொகையைக் கேளுங்கள்.

வங்கிக்கு நேராகப் போவதைவிடக் கைத்தறி உதவி இயக்குநர் அலுவலகம் வழியாகவோ, நெசவாளர் சேவை மையம் வழியாகவோ விண்ணப்பிப்பது நல்லது. தமிழ்நாட்டில் சென்னை, காஞ்சிபுரம், சேலத்தில் இந்த மையங்கள் உண்டு. போன இடத்திலேயே சிட்டா நூலுக்கான (கைத்தறிக்கென்று கட்டாக வரும் நூல்) 15 சதவீத விலை மானியத்தையும் கேட்டுவிடுங்கள், அதற்காக இன்னொரு நாள் கூலியை விட வேண்டாம். கடன் திட்டம் 2025-26 வரை என்றுதான் அறிவிக்கப்பட்டது. கிளம்புமுன் ஒரு போன் போட்டு, இப்போது விண்ணப்பம் வாங்குகிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.