பையின் அடியில் கிடந்த கணக்குத் தாள்

ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் என் எதிரே உட்கார்ந்து பன்னிரண்டு இயற்கணிதக் கணக்குகளையும் பிழையில்லாமல் போட்டு முடித்தான். அடுத்த வாரம் பார்த்தால் அதே வீட்டுப்பாடத்துக்குப் பூஜ்யம். பையைத் தரையில் கவிழ்த்தோம். பழைய அறிவிப்புத் தாள்களுக்கும் மூடியில்லாத பேனாக்களுக்கும் அடியில் அது கசங்கிக் கிடந்தது. செய்திருக்கிறான், கொடுக்கவில்லை.

அவன் அம்மா தொலைபேசியில் அழைத்து, "சார், கணக்குக்கு இன்னும் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ளலாமா?" என்று கேட்டார். கூட்டியிருந்தால் எனக்கு வருமானம், அவனுக்கு ஒன்றுமில்லை. கணக்குதான் அவனுக்கு வருகிறதே!

நடுநிலை வகுப்புகளுக்கு வந்ததும் பாடத்துக்கு ஓர் ஆசிரியர், ஆளுக்கொரு கெடு. எதை முதலில் எடுப்பது, எப்போது தொடங்குவது, எதை மறக்காமல் இருப்பது என்ற பொறுப்பெல்லாம் பிள்ளையின் தலையில் வந்து விழுகிறது. இதற்கான திறன்களைச் செயல் மேலாண்மைத் திறன்கள் என்கிறோம். இவற்றில் பெரும்பங்கு வகிக்கும், நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளைப் பகுதி இருபது வயதைத் தாண்டியும் சில ஆண்டுகள் முதிர்ந்துகொண்டிருக்கிறது. 'சோம்பேறி' என்ற பட்டமோ பதின்மூன்று வயதிலேயே கிடைத்துவிடுகிறது.

நேரக் கணிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 1994இல் வெளியான ஓர் ஆய்வில், பட்டப்படிப்பின் இறுதி ஆய்வேட்டை முடிக்க எத்தனை நாள் ஆகும் என்று உளவியல் மாணவர்களிடம் கேட்டார்கள். அவர்கள் சொன்னது சராசரியாகச் சுமார் 34 நாள். ஆனதோ 55 நாளுக்கும் மேல். கல்லூரியை முடிக்கப்போகிறவர்களின் கதையே இது. அதனால் என்னிடம் வரும் மாணவர்கள் ஒவ்வொரு வேலைக்கும் முன்னால் தாளின் ஓரத்தில் உத்தேச நிமிடத்தை எழுத வேண்டும். முடித்ததும் பக்கத்திலேயே உண்மையான நிமிடத்தை எழுத வேண்டும். 20 என்று எழுதியது 50இல் போய் நிற்கும். நான் எதுவும் சொல்வதில்லை. அந்த இரண்டு எண்களும் சொல்வதைவிட நான் என்ன பெரிதாகச் சொல்லிவிடப் போகிறேன்?

தொடங்குவதுதான் எல்லாவற்றிலும் கடினம். 'அறிவியல் கட்டுரை' என்று குறித்துவைத்தால் கை நகராது. 'ஏழு மணிக்கு மேசையில் உட்கார்ந்ததும் முதல் பத்திக்கான மூன்று குறிப்புகளை எழுதுவேன்' என்றால் நகரும். வண்ண வண்ணத் திட்டக் குறிப்பேடுகளில் எனக்கு நம்பிக்கை இல்லை. இரண்டாம் வாரத்திலேயே அவை வெற்றுப் பக்கங்களாகிவிடுகின்றன.

ஒன்றை மட்டும் கவனமாகச் சொல்ல வேண்டும். பன்னிரண்டு வயதுக்கு முன்பிருந்தே, வீடு, பள்ளி இரண்டிலும் இதே தடுமாற்றம் தொடர்ந்தால் கவனக்குறைபாடு (ADHD) என்னும் நிலை இருக்கிறதா என்று மருத்துவரிடமோ உளவியலாளரிடமோ காட்டிவிடுங்கள். அது என்னைப் போன்ற பயிற்சியாளர் தீர்மானிக்கும் விஷயமல்ல.

கணக்குத் தாள் மாணவனுக்கு வருகிறேன். அவன் அம்மாவிடம் நான் கேட்டுக்கொண்டது, நினைவூட்டுவதை நிறுத்துங்கள் என்பதுதான். காலையில் வாசலில் ஒரே கேள்வி: "இன்று எதைக் கொடுக்க வேண்டும்?" பதிலை அவனே தேட வேண்டும். முதல் இரண்டு வாரங்களில் மேலும் இரண்டு பூஜ்யங்கள். என்மீது அவருக்கு நல்ல கோபம். பத்தாவது வாரம் அவன் ஒரு நீல நிறக் கோப்புடன் வந்தான். முடித்த வீட்டுப்பாடங்களுக்கென்று அவனே ஒதுக்கியதாம். உள்ளே இரண்டு தாள்கள் இருந்தன. ஒன்றை அன்று காலையே கொடுத்திருக்க வேண்டும்.