இ-வே பில்லில் ஏறாத லோடுகள்: சேலத்துச் சரக்குக் கணக்கு

சேலம் மாவட்டத்துக்குச் சரக்குப் போக்குவரத்துத் தரவுத்தளம் தயாரிக்க இறங்குகிறவர்கள் முதலில் தேடுவது இ-வே பில் (சரக்கு அனுப்பும்போது இணையத்தில் எடுக்கும் மின்னணுச் சீட்டு) விவரம். தேடுவது சரிதான். அனுப்பும் இடம், சேரும் இடம், எச்.எஸ்.என். குறியீடு (சரக்கின் வகையைக் காட்டும் எண்), அளவு, வண்டி எண் எல்லாம் ஒரே பதிவில் வேறெங்கும் கிடைக்காது. மாநில அளவிலான மொத்தம் பொதுவெளியில் உண்டு. மாவட்ட அளவில் வேண்டுமென்றால், வணிகர் பெயரும் ஜி.எஸ்.டி. எண்ணும் நீக்கிய பதிவுகளாகக் கொடுக்கும்படி வணிகவரித் துறைக்கு எழுதிக் கேட்க வேண்டும்.

சிக்கல் என்னவென்றால், சேலத்துக்கே உரிய லோடுகள் பல அதில் ஏறுவதில்லை. ஆத்தூர்ப் பக்கம் பிடுங்கிய மரவள்ளிக் கிழங்கு சேகோ (ஜவ்வரிசி) ஆலைக்குப் போகிறது. பச்சைக் கிழங்குக்கு வரி கிடையாது, அதனால் பில்லும் கிடையாது. அது ஜவ்வரிசியாகி 90 கிலோ மூட்டையில் வெளியே போகும்போதுதான் கணக்கில் வருகிறது. ஒரு டன் ஜவ்வரிசிக்கு ஏறக்குறைய நான்கைந்து டன் கிழங்கு தேவை. அதாவது பெரிய எடை விட்டுப்போய், சிறிய எடை மட்டும் பதிவாகிறது. மாம்பழம், காய்கறி, வறுக்காத காப்பிக்கொட்டைக்கும் இதே நிலைதான். பெட்ரோல், டீசலுக்கும் விலக்கு உண்டு என்பதால் சங்ககிரி டேங்கர்களும் வரா. மாநிலத்துக்குள் ஒரு லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட சரக்கும் அப்படியே.

கிழங்கு விஷயத்தில் ஒரு வழி இருக்கிறது. மாவுச்சத்து எவ்வளவு என்பதைக் காட்டும் 'பாயிண்ட்' பார்த்து விலை போடுவதால், ஆலைக்கு வரும் ஒவ்வொரு லோடும் எடைமேடை ஏறியே தீரும். அந்த எடைச்சீட்டுகளை மாதவாரியாகக் கேட்டு வாங்கி, ஜவ்வரிசி உற்பத்தியோடு ஒப்பிட்டால் ஓட்டை தெரிந்துவிடும்.

கிடைத்த பில்களையும் அப்படியே எண்ணக் கூடாது. ஒரே லாரியில் முப்பது பில் இருக்கலாம். வழியில் வண்டி மாறினால் பில்லில் வண்டி விவரம் உள்ள பார்ட்-பி திருத்தப்பட்டு ஒரே பில்லுக்கு இரண்டு வண்டி எண் வரும். வண்டி எண்ணையும் தேதியையும் சேர்த்துத் தொகுத்தால்தான் நடை எத்தனை என்று தெரியும். அளவு கிலோ, டன், மூட்டை, எண்ணிக்கை என்று கலந்து கிடக்கும். மதிப்பை வைத்து எடை கணக்கிடுவது அதைவிட மோசம்: துருப்பிடிக்காத எஃகும் மேக்னசைட்டும் ஒரே ரூபாய்க்கு ஒரே எடை இல்லை.

ஓமலூர், வைகுந்தம், மேட்டுப்பட்டி சுங்கச்சாவடிகள் அச்சு எண்ணிக்கையைத்தான் பார்க்கின்றன. லோடு வண்டியும் காலி வண்டியும் அங்கே ஒன்றே. பெங்களூரிலிருந்து மதுரைக்கோ கொச்சிக்கோ சும்மா கடந்து போகும் லாரியும் அதில் அடக்கம். மாதிரிக்குச் சில வண்டிகளை நிறுத்தி எல்.ஆர். (லாரி ரசீது) பார்த்து, ஏற்றிய ஊரும் இறக்கும் ஊரும் கேட்காமல் அந்த எண்களைச் சேலத்துச் சரக்காக மாற்ற முடியாது.

வாகனப் பதிவுகளுக்கான அரசின் 'வாகன்' தளத்தில் உள்ள பதிவு எண்ணிக்கையை நம்பி ஏமாறுவோர் அதிகம். டி.என். 52 (சங்ககிரி), 28 (நாமக்கல்), 34 (திருச்செங்கோடு) பதிவு லாரிகள் நாடு முழுக்க ஓடுபவை. இங்குள்ளவர்களே நாகாலாந்துப் பதிவில் ஓட்டுவதும் உண்டு. எஃப்.சி. (தகுதிச் சான்று) நடப்பில் உள்ள வண்டிகளை மட்டும் பிரித்தெடுத்து, வண்டித் திறன் அறிய மட்டும் பயன்படுத்தலாம்.

ரயில்வே சொல்வது ஏற்றிய எடை. வெளியிலிருந்து வந்து இங்கே இறங்கியது ஏற்றிய கோட்டத்தின் கணக்கில் போயிருக்கும். 2007-இல் உருவான சேலம் கோட்டத்தில் கோவையும் அடக்கம் என்பதால், கோட்ட எண்ணை மாவட்டத்துக்குப் போடாமல் குட்ஷெட் (ரயில் சரக்கு ஏற்றி இறக்கும் இடம்) வாரியாகக் கேளுங்கள்.

கனிமத்துக்கு நடைச்சீட்டு (கனிமம் ஏற்றிச் செல்லும் வண்டிக்கான அனுமதிச் சீட்டு) நல்ல ஆதாரம். ஆனால் ஜல்லி, எம்-சாண்ட் யூனிட்டில் பேசப்படும்: 100 கன அடி, அதாவது 2.83 கன மீட்டர். ஈரத்துக்கும் கல்லின் அளவுக்கும் ஏற்ப டன் மாறும். உள்ளூர் எடைமேடையில் சில டிப்பர்களை ஏற்றிப் பார்த்து உங்கள் மாற்று எண்ணை முடிவு செய்யுங்கள். தரவுத்தளத்தில் எடைக்குப் பக்கத்திலேயே 'எடை வந்த வழி' என்றொரு கட்டம் கட்டாயம் வேண்டும்: எடைமேடை, பில், அல்லது அச்சை வைத்து ஊகித்தது. அது இல்லாவிட்டால் சுங்கச்சாவடியில் எண்ணிய லாரியும் பில்லில் வந்த லாரியும் இரண்டு முறை கூட்டப்படும்.

ஏற்காடு மலைப்பாதையில் சுங்கச்சாவடி கிடையாது. காப்பியும் மிளகும் பிக்கப்பிலும் குட்டியானையிலும் சிறு சிறு லோடாக இறங்குகின்றன. அங்கே ஆள் வைத்து எண்ணுவதுதான் வழி. ஐ.ஆர்.சி. (இந்திய சாலைகள் காங்கிரஸ்) 9 வழிகாட்டுதல்படி ஏழு நாள், 24 மணி நேரமும், ஆண்டுக்கு இரண்டு முறை: ஒன்று அறுவடைக் காலத்தில், மற்றொன்று மந்தமான மாதத்தில். காப்பிக்கு டிசம்பர், ஜனவரி பொருந்தும். அடிவாரத்தில் மட்டும் எண்ணினால் போதாது. குப்பனூர் வழியாக இறங்கும் வண்டிகளுக்கு அதே வாரத்தில் தனி ஆள் போடுங்கள்.