வெள்ளிக் காசின் மேல் காந்தம் ஏன் ஊர்ந்து இறங்குகிறது?

அப்புத்தளையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "1840ஆம் ஆண்டு விக்டோரியா ராணியின் ஒரு ரூபாய் வெள்ளிக் காசு, பாட்டி லயத்துக் காம்பராவில் ஒளித்து வைத்திருந்தது என்று ஒருவர் முகநூலில் விற்கிறார். எடையைக் கேட்டால் பதில் இல்லை. வேறொருவர் முற்பணம் போடப் போகிறார் என்று அவசரப்படுத்துகிறார். வெள்ளிதானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?"

எடையைச் சொல்லாதவருக்குப் பணம் அனுப்பாதீர்கள். பாட்டியின் கதை மெய்யாகவும் இருக்கலாம். இந்திய வெள்ளி ரூபாய் அந்நாளில் இலங்கையிலும் புழங்கியது, தோட்டக் குடும்பங்கள் அதை முடிந்து வைத்திருந்ததும் உண்டு. ஆனால் கதையைச் சோதிக்க நம்மிடம் கருவி இல்லை. உலோகத்தைச் சோதிக்க இருக்கிறது.

முதலில் அடர்த்தி. பாடசாலையில் படித்த ஆர்க்கிமிடிஸ்தான். அந்த ரூபாயின் எடை 11.66 கிராம், அதில் வெள்ளி 91.7 சதவீதம், மீதி செம்பு. நகைத் தராசில் தண்ணீர்க் கோப்பையை வைத்துப் பூச்சியமாக்கிவிட்டு, காசை நூலில் கட்டி, அடியில் முட்டாமல் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். தராசு ஏறக்குறைய 1.13 கிராம் காட்ட வேண்டும். அது காசு விலக்கிய தண்ணீரின் எடை; காசின் எடையை அதால் வகுத்தால் அடர்த்தி. அதே எடையுள்ள பித்தளைக் காசு என்றால் 1.37 வரை போகும்.

சரி, எனக்குப் பிடித்த சோதனைக்கு வருகிறேன். பழுதான ஹார்ட் டிஸ்க்கில் இருக்கும் நியோடிமியம் என்ற வலுவான காந்தமே போதும். கீறாமல் இருக்க அதன் மேல் டேப் ஒட்டுங்கள். காசை 45 பாகை சரிவில் பிடித்து, மேல் விளிம்பில் காந்தத்தை விடுங்கள். வெள்ளியைக் காந்தம் ஈர்க்காது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் காந்தம் சர்ரென்று வழுக்கி விழுவதில்லை, தேனில் இறங்குவதுபோல மெதுவாக ஊர்கிறது!

காந்தம் நகரும்போது அதற்கு முன்னால் உள்ள உலோகத்தில் காந்தப்புலம் கூடுகிறது, பின்னால் குறைகிறது. புலம் மாறும் இடத்தில் மின்னோட்டம் பிறக்கும் என்று 1831இல் விஞ்ஞானி ஃபாரடே காட்டினார். காசுக்குள் கம்பியும் இல்லை, சுற்றும் இல்லை. ஆகவே மின்னோட்டம் உலோகத்துக்குள்ளேயே சுழிசுழியாக ஓடுகிறது. முன்னால் உள்ள சுழி, வரும் காந்தத்தைத் தள்ளுகிறது. பின்னால் உள்ள சுழி, போகும் காந்தத்தை இழுக்கிறது. இரண்டுமே அசைவை எதிர்க்கின்றன. லென்சின் விதி இதுதான்.

இதில் அழகு என்னவென்றால், இந்தத் தடை அசைவிலிருந்தே பிறக்கிறது. காந்தம் வேகமெடுத்தால் சுழிகள் வலுக்கும், மெதுவானால் தளரும், நின்றால் மறைந்தே போகும். அதனால் காந்தம் நிற்கவும் முடியாமல் ஓடவும் முடியாமல் ஒரே சீரான வேகத்தில் இறங்குகிறது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் உலோகத்தில்தான் இந்தச் சுழிகள் வலுவாக இருக்கும். அறை வெப்பநிலையில் உலோகங்களிலேயே மிகச் சிறந்த கடத்தி வெள்ளி. பித்தளையின் கடத்துதிறன் அதில் நான்கில் ஒரு பங்கு அளவுதான், செம்பு-நிக்கல் கலவைக்கு இன்னும் குறைவு. வெள்ளி முலாம் கண்ணை ஏமாற்றலாம், சுழிகளை ஏமாற்றாது. அவை முலாமோடு நிற்காமல் உள்ளே இருக்கும் உலோகத்திலும் ஓடுகின்றன.

செம்பு மட்டும் காந்தத்திடம் தப்பிவிடும், ஏனெனில் கடத்துவதில் அது வெள்ளிக்கு அடுத்தது. ஆனால் தண்ணீரில் அது 1.30 காட்டி மாட்டிக்கொள்ளும். ஈயம் கலந்து கனம் சேர்த்தால் கடத்துதிறன் விழுந்துவிடும். எனவே இரண்டையும் செய்யுங்கள்.

காந்தத்தை ஏமாற்றுக்காரர்களும் பயன்படுத்துகிறார்கள். அரிசியை இழுக்கும் அதிசயக் காசு என்று, இராமர் உருவமும் 1818 என்ற ஆண்டும் பொறித்த 'கம்பெனி அரை அணா'வைப் பெரும் விலை சொல்லி விற்கிறார்கள். கிழக்கிந்தியக் கம்பெனி அப்படி ஒரு காசை வெளியிட்டதே இல்லை. இரும்புத்தூள் ஒட்டிய அரிசியும் மறைத்த காந்தமும்தான் அந்த அதிசயம். நம் மலையகத்தில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு உள்ள பாடசாலைகள் இன்றும் குறைவு. கட்டடத்துக்குப் பணம் கொடுக்கும் நல்ல மனிதர்கள், ஆய்வுகூடத்துக்கு நாலு நல்ல காந்தமும் ஒரு செப்புக் குழாயும் வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று மனதாரக் கேட்கிறேன். அந்தக் குழாய்க்குள் காந்தம் மிதந்து இறங்குவதைப் பார்த்த பிள்ளையிடம் இந்த வித்தை விலைபோகாது.

அப்புறம், விற்பவரிடம் காசு தராசில் இருக்கும் படமும் காந்தம் இறங்கும் காணொளியும் கேளுங்கள். தரமாட்டேன் என்றால், ஹட்டனிலோ பண்டாரவளையிலோ நேரில் சந்தித்து, நீங்களே சோதித்த பிறகு பணம் தருவதாகச் சொல்லுங்கள். தபாலில்தான் வரும் என்றால் பொதியைப் பிரிப்பதைத் தொடக்கத்திலிருந்து படம் பிடியுங்கள். உரையாடல்களையும் அழிக்காதீர்கள்; பொலிஸில் முறையிட நேர்ந்தால் அவையே சான்று.

பழைய இலங்கை 50 சதம் வாங்குபவர்களுக்கு ஒன்று. 1917 வரையான காசில் வெள்ளி 80 சதவீதம், 1919 முதல் 55 சதவீதம்தான். பிந்தையதின் அடர்த்தி 9.7 அளவில்தான் இருக்கும். அதைப் பார்த்துப் போலி என்று நேர்மையான விற்பனையாளரோடு சண்டைக்குப் போய்விடாதீர்கள்.