கொரியப் பேச்சின் மூன்று ‘ப’க்கள்

ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கொரிய நிறுவனத்தில் வேலை பார்க்கும் வாசகர் ஒருவர், கொரிய மொழிப் பயிற்சியில் சேர்ந்த புதிதில் தமக்கு எழுந்த ஐயத்தை எழுதி அனுப்பியிருக்கிறார். எழுத்து சீக்கிரம் பிடிபட்டுவிட்டது, வாக்கிய அமைப்பும் பழகிவிட்டது, ஆனால் ஆசிரியர் சொல்லிக்காட்டும் மூன்று வகை ‘ப’வும் தம் காதில் ஒன்றாகவே விழுகின்றன என்பது அவர் குறை. குறை அவர் காதில் இல்லை. கடந்த அரை நூற்றாண்டில் தென் கொரியத் தலைநகரான சோல் நகரத்தார் தம் தொண்டையில் செய்துவரும் ஒரு மாற்றம்தான் அவரைத் திணறடிக்கிறது.

வினை வாக்கியத்தின் இறுதியில் வரும், வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டும், பெரியவர்களிடம் பேசினால் வினையில் மரியாதை ஏறும் என்பதையெல்லாம் தமிழருக்கு விளக்க வேண்டியதில்லை. செஜோங் மன்னர் 1443இல் உருவாக்கி 1446இல் அறிவித்த ஹங்குல் எழுத்தும் கடினமன்று. அதில் ‘ப’ போன்ற ஒவ்வொரு வல்லொலிக்கும் இளகியது, இறுகியது, மூச்சு கலந்தது என மூன்று வடிவங்கள் உள்ளன. இளகியதற்கு ஓர் எழுத்து, அதையே இரட்டித்து எழுதினால் இறுகியது, கூடுதல் கோடு சேர்த்து மாற்றினால் மூச்சு கலந்தது. இக்கட்டுரையில் அவற்றை முறையே ப, ப்ப, ப்ஹ என்று எழுதுகிறேன். கண்ணுக்கு இவ்வளவு தெளிவாகத் தெரியும் வேறுபாடு காதுக்கு எட்டாமல் போவதுதான் விந்தை.

இளகிய ஒலியைப் பொறுத்தவரை தமிழருக்குப் பிறவியிலேயே ஒரு சலுகை உண்டு. ‘காகம்’ என்னும்போது முதல் ககரம் அதிர்வில்லாமலும் இரண்டாவது அதிர்வோடும் ஒலிக்கின்றன. ஒரே எழுத்தை இரு விதமாக ஒலிக்கிறோம் என்ற நினைவே நமக்கு இருப்பதில்லை. கொரிய மொழியில் இறைச்சியைக் குறிக்கும் ‘கோகி’யிலும் அதே கதைதான். இரண்டு உயிர்களுக்கு நடுவே வாய் அடைபடும் நேரம் மிகக் குறைவு. தளர்ந்திருக்கும் குரல்நாண்கள் அந்தச் சிறு இடைவெளியில் அதிர்வை நிறுத்துவதில்லை. ஆங்கிலேயர் விதியாக மனப்பாடம் செய்யும் இதைத் தமிழர் தம்மையறியாமல் சரியாகச் சொல்லிவிடுகிறார்கள்.

சோற்றோடு காய்கறியும் மிளகாய்ப் பசையும் கலந்து உண்ணும் ‘பிபிம்பாப்’ என்ற உணவின் பெயரைச் சற்று உற்றுக் கேட்கலாம். எழுத்தில் அதே இளகிய ‘ப’ நான்கு முறை வருகிறது. பேச்சில் நான்கும் நான்கு விதம். முதலாவது அதிர்வின்றி, லேசான காற்றோடு தொடங்குகிறது. இரண்டாவது உயிர்களுக்கு நடுவே சிக்கி அதிர்கிறது. மூன்றாவதை நாம் ‘தம்பி’யில் வருவதுபோல் சொல்லத் துணிவோம், ஆனால் ‘பாப்’ (சோறு) தனிச்சொல்லாக வந்து ஒட்டியிருப்பதால் கொரியர்கள் அவ்விடத்தை இறுக்கி ‘ம்ப்பா’ என்கிறார்கள். நான்காவதில் உதடுகள் மூடிக்கொள்வதோடு சரி. திறந்து காற்றை வெளிவிடுவதில்லை. எனக்கு இந்த ஒரு சொல்லே ஒரு பாடப்புத்தகம்.

தமிழரின் சலுகை முடிந்துபோகும் இடம் பேச்சுத்தொடரின் தொடக்கம். ‘புல்’ என்றால் நெருப்பு, ‘ப்புல்’ என்றால் கொம்பு, ‘ப்ஹுல்’ என்றால் புல். மூன்றிலும் முதல் ஒலி அதிர்வில்லாததுதான். அப்படியானால் எதை வைத்துப் பிரிக்கிறார்கள்? ஒலியியலாளர்கள் லீ லிஸ்கரும் ஆர்தர் ஆப்ராம்சனும் 1964இல் 11 மொழிகளின் வல்லொலிகளை அளந்து வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வில் கொரியமும் இருந்தது, தமிழும் இருந்தது. உதடு திறந்த நொடிக்கும் குரல்நாண்கள் அதிரத் தொடங்கும் நொடிக்கும் இடையிலான தாமதத்தை அவர்கள் அளந்தார்கள். கொரிய ‘ப்ப’வுக்குச் சராசரி 7 மில்லிநொடி, ‘ப’வுக்கு 18, ‘ப்ஹ’வுக்கு 91. தமிழ்ச் சொல்முதல் பகரம் 10 மில்லிநொடியை ஒட்டி நின்றது. ஆகவே நாம் இயல்பாகச் சொல்லும் ‘ப’ கொரியர் காதுக்குப் பெரும்பாலும் இறுகிய ‘ப்ப’வாகவே போய்ச் சேரும்.

இந்தத் தாமதத்துக்குக் காரணம் குரல்நாண்களின் இடைவெளி என்று ஒலியியலாளர் சின்-வூ கிம் 1970இல் விளக்கினார். உதடு திறக்கும் கணத்தில் நாண்கள் அகன்றிருந்தால் அவை நெருங்கி வந்து அதிரத் தொடங்க நேரம் பிடிக்கும். அதுவரை வெளியேறும் காற்றே நாம் கேட்கும் மூச்சு. ‘ப்ப’வில் நாண்கள் ஏறத்தாழ மூடியே இருக்கின்றன, ‘ப’வில் ஓரளவு திறந்திருக்கின்றன, ‘ப்ஹ’வில் நன்றாக அகன்றிருக்கின்றன.

விளக்கம் இதோடு முடிந்திருந்தால் வாசகரின் ஆசிரியர் “காற்றை அதிகம் விடுங்கள், குறைத்து விடுங்கள்” என்று சொல்லியே பாடத்தை முடித்திருப்பார். சோல் பேச்சில் அந்த அளவுகோல் மாறிவிட்டது. மொழியியலாளர் டேவிட் சில்வா 2006இல் வெளியிட்ட ஆய்வின்படி, 1965ஐ ஒட்டியும் அதற்குப் பின்னும் பிறந்தவர்கள் ‘ப’வையும் ‘ப்ஹ’வையும் ஏறத்தாழ ஒரே தாமதத்தோடு சொல்கிறார்கள். இரண்டிலும் காற்று வருகிறது, இரண்டிலும் நீளமாக வருகிறது. ஆனாலும் நெருப்பையும் புல்லையும் அவர்கள் குழப்பிக்கொள்வதில்லை. அடுத்து வரும் உயிரின் சுருதி அவற்றைப் பிரிக்கிறது: ‘ப்ஹ’வுக்குப் பின் சுருதி உயர்ந்தும் ‘ப’வுக்குப் பின் தாழ்ந்தும் தொடங்குகிறது. பெண் குரலில் இவ்வேறுபாடு 50 ஹெர்ட்ஸைத் தாண்டுவதும் உண்டு.

இச்சுருதி புதிதாக எங்கிருந்தோ வந்ததன்று. குரல்நாண்களை இழுத்து விறைக்க வைப்பது அதிர்வை அடக்கும் வழிகளில் ஒன்று. மெய்யொலி முடிந்த பிறகும் அந்த விறைப்பு உடனே தளர்வதில்லை; முறுக்கிய வீணைத் தந்தியைப் போல, விறைத்த நாண்கள் அடுத்த உயிரின் தொடக்கத்தில் வேகமாக அதிர்ந்து சுருதியை உயர்த்துகின்றன. ‘ப்ஹ’, ‘ப்ப’ இரண்டிலும் இது நடக்கிறது. இளகிய ‘ப’வில் நடப்பதில்லை. முந்தைய தலைமுறைக்கு இது பேச்சின் பக்கவிளைவு மட்டுமே. கேட்பவர்கள் அந்தப் பக்கவிளைவையே அடையாளமாகக் கொள்ளத் தொடங்கியபின், பேசுபவர்கள் காற்றின் அளவைப் பற்றிக் கவலைப்பட வேண்டிய தேவை குறைந்துவிட்டது. இம்மாற்றத்தில் பெண்கள் முன்னே செல்வதாக டொராண்டோ பல்கலைக்கழகத்தின் யூன்ஜங் காங் 2014இல் காட்டினார். சீனம், வியட்நாமியம் போன்ற மொழிகளில் தொனிகள், அதாவது சொல்லின் பொருளைப் பிரிக்கும் சுருதிகள், பிறந்ததும் இத்தகைய வழியில்தான் என்று மொழியியலாளர்கள் ஊகித்து வந்தார்கள். சோலில் தாத்தாவையும் பேத்தியையும் ஒலிவாங்கிமுன் உட்காரவைத்து அதை நேரில் அளக்க முடிகிறது.

வரலாற்றில் ஒரு வேடிக்கையும் உண்டு. செஜோங் காலத்துக் கொரிய மொழியில் சுருதி வேறுபாடு ஏற்கெனவே இருந்தது. உயர்ந்த சுருதிக்கு எழுத்தின் இடப்புறம் ஒரு புள்ளியும், ஏறும் சுருதிக்கு இரண்டு புள்ளிகளும் இட்டார்கள். பின்னர் தலைநகர்ப் பேச்சு அதை இழக்க, புள்ளிகளும் நூல்களிலிருந்து மறைந்தன. புசான், தேகு நகரங்களை உள்ளடக்கிய கியோங்சாங் வட்டாரமோ பழைய சுருதி முறையை இன்றும் வைத்திருக்கிறது. அங்கே சுருதிக்கு ஏற்கெனவே வேறு வேலை இருப்பதால், ‘ப’வையும் ‘ப்ஹ’வையும் பிரிக்கக் காற்றின் தாமதம் இன்னும் பெரிதும் தேவைப்படுகிறது.

‘ப்ஹுல்’ என்பது புல்லைக் குறிப்பதைக் கண்டதும் கொரியம் தமிழிலிருந்து பிறந்தது என்று காணொளி வெளியிடுபவர்களுக்கு ஒரு சொல். 15ஆம் நூற்றாண்டில் அச்சொல்லின் உயிர் உகரமன்று. நம் குற்றியலுகரத்தை ஒத்த ஒலி. அது உகரமானது பிந்தைய மாற்றம். நாம் சொல்லும் ‘புல்’லோ அவர்கள் காதில் பெரும்பாலும் கொம்பாக விழும். சொற்பட்டியலில் காட்டும் ஆர்வத்தில் பாதியை ஒலிப்பதிவில் காட்டினால் நல்லது. சோல் மாற்றத்தைக் கண்டுபிடிக்கப் பல வயதினரின் வாசிப்பை முறையாகப் பதிந்த தொகுப்புகள் உதவின. மதுரையிலும் யாழ்ப்பாணத்திலும் இன்று எண்பது வயதில் இருப்பவர்களின் பேச்சை அப்படிப் பதிந்து வைக்கப் பெரிய செலவு ஆகாது. அதற்கு நிதி ஒதுக்குவதைவிட விழா எடுப்பது ஏன் எளிதாக இருக்கிறதென்று எனக்கு விளங்கவில்லை.

இனி வாசகருக்கான பயிற்சி. பாட்டுக் கேட்டுக் கொரியம் கற்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பாட்டில் சுருதியை மெட்டு தீர்மானிப்பதால் நமக்கு வேண்டிய தடயமே அழிந்துபோகிறது. இந்தப் பாடத்துக்குத் தொடர் நாடகங்களே மேல். ‘கம்ஸாஹம்னிதா’ (நன்றி) இளகிய ககரத்தில் தொடங்குவதால் தாழ்ந்து தொடங்கும். ‘ஸில்லியெஹம்னிதா’ (மன்னிக்கவும்) உயர்ந்து தொடங்கும், ஏனெனில் தொடரின் முதலில் வரும் ஸ, ஹ ஒலிகளும் சுருதியை உயர்த்தும். இவ்விரண்டையும் நாடகத்தில் வருவதுபோல் சொல்லிப் பதிவு செய்து, ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் உருவான ‘பிராட்’ என்ற இலவச மென்பொருளில் திறந்தால் சுருதிக்கோடு திரையில் தெரியும். காற்றை எவ்வளவு விட்டோம் என்று யோசிப்பதைவிட அந்தக் கோடு எங்கே தொடங்குகிறது என்று பார்ப்பது பயன் தரும்.

விடுதியில் அறை கேட்க ‘பாங் இஸ்ஸொயோ?’ என்று தமிழ்ப் பகரத்தோடு கேட்டால் ‘ப்பாங்’, அதாவது ரொட்டி, இருக்கிறதா என்று கேட்டதாக ஆகிவிடலாம். சுருதியைத் தாழ்த்தித் தொடங்கப் பழகும்வரை ‘பின்பாங் இஸ்ஸொயோ?’ (காலி அறை இருக்கிறதா?) என்று கேட்கலாம். அறை என்ற சொல்லின் பகரம் அங்கே னகரத்துக்குப் பின் வருவதால், ‘அன்பு’ என்பதைப் போல இயல்பாகப் படித்தாலே அதிர்ந்து சரியாக ஒலிக்கும். முன்னால் நிற்கும் ‘பின்’ சற்றுப் பிசகினாலும் விடுதிக்காரருக்கு அறை என்பது விளங்கிவிடும். மறுநாள் காலை ரொட்டி கேட்க நம் தமிழ்ப் பகரத்தையே கொஞ்சம் சுருதி ஏற்றி, இறுக்கிச் சொன்னால் போதும்.