ஓட்டுவதற்கு முன் நிறுத்தப் பழகுங்கள்: பழைய ஆயில் இன்ஜின் பிரியர்களுக்கு

பழைய டீசல் இன்ஜினை வாங்கி வைத்துக்கொண்டு, வந்து ஓட்டிக் கொடுங்கள் என்று என்னை அழைப்பவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: "இதை எப்படி நிறுத்துவீர்கள்?" பெரும்பாலும் பதில் வராது. துரு தேய்த்து, பெயின்ட் அடித்து, டேங்கில் டீசல் ஊற்றி, ஹேண்டிலைக் கையில் பிடித்தபடி ஆசையாக நிற்பார்கள். அந்த ஆசை எனக்கும் உண்டு. நிமிடத்துக்கு 600, 650 சுற்று மட்டுமே ஓடும் ஒற்றை சிலிண்டர் இன்ஜினின் ஒவ்வொரு அடியையும் தனித்தனியாகக் கேட்கலாம். அந்தச் சத்தத்துக்காகவே இத்தொழிலில் இருக்கிறேன் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் மெதுவாக ஓடுகிறது, அதனால் ஆபத்தில்லை என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் இன்ஜின் நினைவுக்கு வருகிறது. பல ஆண்டுகள் சும்மா கிடந்தது. டீசல் பம்பைக் கழற்றிப் பார்த்துவிடலாம் என்றேன். "டீசல் நாசில் நன்றாகத் தூவுகிறது சார், ஒரு தடவை ஓடட்டும்" என்றார். நானும் சரி என்றுவிட்டேன். அது என் தவறு. இரண்டாவது சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. முதலில் அழகாக அடித்தது. அப்புறம் அடிகளுக்கு இடையே இருந்த இடைவெளி குறைந்துகொண்டே வந்து, ஒரே இரைச்சலாக மாறியது. ஸ்டாப் லீவரை இழுத்தேன். அசையவில்லை. இன்ஜினுக்குள் காற்று போகும் வாயை அடைப்பதற்காகத் தயாராக வைத்திருந்த பலகையை ஓரமாக நின்று அழுத்திப் பிடித்தேன். சில நொடிகளில் அடங்கியது. அந்த நொடிகளை நான் இன்னும் மறக்கவில்லை.

பிறகு பம்பைத் திறந்தபோது காரணம் தெரிந்தது. பழைய டீசல் பிசினாகி, டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் ரேக் என்ற சட்டத்தை ஒட்டவைத்திருந்தது. இதில் கவனிக்க வேண்டியது, ரேக் எந்த இடத்தில் ஒட்டியிருக்கும் என்பது. இன்ஜின் நிற்கும்போது, வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரின் குண்டுகள் விரியாது. ஸ்பிரிங் ரேக்கை முழு எரிபொருள் பக்கம் தள்ளி வைத்திருக்கும். ஸ்டாப் லீவரைப் போட்டு வைக்காமல் பல வருடங்கள் கிடந்த இன்ஜின் பெரும்பாலும் முழு எரிபொருளில்தான் இறுகியிருக்கும். அதனால் ஹேண்டிலைத் தொடுவதற்கு முன் இணைப்புக் கம்பியைக் கழற்றிவிட்டு ரேக்கை விரலால் நகர்த்திப் பாருங்கள். வெண்ணெயில் கத்தி போவதுபோலப் போக வேண்டும். கொஞ்சம் உரசினாலும் பம்பைக் கழுவாமல் ஓட்டக்கூடாது.

ஸ்டாப் லீவரை மட்டும் நம்பவும் முடியாது. எண்ணெய் நிரம்பி வழியும் ஏர் ஃபில்டரிலிருந்தோ, அளவுக்கு மேல் ஊற்றிய கிராங்க்கேஸ் என்ற அடிப்பெட்டியிலிருந்தோ எண்ணெய் சிலிண்டருக்குள் போனால், டீசலை நிறுத்திய பிறகும் இன்ஜின் அந்த எண்ணெயை எரித்தே ஓடும். அப்போது காற்றை அடைப்பதுதான் வழி. வாய்க்குச் சரியாகப் பொருந்தும் கெட்டியான பலகையை முன்பே அளந்து அறுத்து வைத்துக்கொள்ள வேண்டும். துணியை உறிஞ்சி உள்ளே இழுத்துவிடும். கையை வைக்கவே கூடாது. பக்கத்தில் போக முடியாத அளவுக்கு வேகம் ஏறிவிட்டால் இன்ஜினை விட்டுவிட்டு விலகுங்கள். அதுவும் ஃபிளைவீல் என்ற கனத்த சக்கரம் சுற்றும் நேர்கோட்டில் ஓடாமல் பக்கவாட்டில்.

ஏன் இவ்வளவு பயப்பட வேண்டும்? எல்லாம் ஃபிளைவீலுக்காகத்தான். இங்கிலாந்தின் டர்ஸ்லியில் செய்யப்பட்ட லிஸ்டர் சி.எஸ். இன்ஜினை எடுத்துக்கொள்ளுங்கள். ஊதுவிளக்கால் சிலிண்டர் தலையைச் சூடாக்கித் தொடங்கிய காலத்தில், சூடாக்காமல் குளிரிலேயே தொடங்கும் என்பதால் 'கோல்ட் ஸ்டார்ட்' என்று பெயர். 1929 வாக்கில் வந்து 1987 வரை தயாரானது. அதில் பலருக்கும் தெரிந்த 6/1 மாடல், 4.5 அங்குல போர் (சிலிண்டர் விட்டம்), 5.5 அங்குல ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்), 650 சுற்றில் 6 குதிரைத்திறன். இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் வெடிப்பு; மீதி நேரமெல்லாம் இன்ஜினை இழுத்துக்கொண்டு போவது ஃபிளைவீலில் தேங்கிய ஆற்றல்தான்.

24 அங்குல விட்டமுள்ள சக்கரம் 650 சுற்றில் ஓடும்போது அதன் விளிம்பு நொடிக்கு 20 மீட்டருக்கு மேல் நகர்கிறது. வார்ப்பிரும்புச் சக்கரத்துக்கு நொடிக்கு 30 மீட்டர்தான் எல்லை என்பது பழைய பட்டறைக் கணக்கு. அதே சக்கரம் 1000 சுற்றைத் தொட்டால் அந்த எல்லையைத் தாண்டிவிடும். விளிம்பைப் பிய்க்கும் இழுவிசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும்: வேகம் இரண்டு மடங்கானால் இழுவிசை நான்கு மடங்கு. வார்ப்பிரும்பு அழுத்தத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. முன்னறிவிப்பில்லாமல் உடையும்.

விரிசல் பெரும்பாலும் சக்கரத்தின் நடுக்குடத்தில், அதை ஷாஃப்ட்டோடு பூட்டும் கீ உட்காரும் பள்ளத்தின் மூலையில்தான் தொடங்கும். சக்கரம் ஆடுகிறது என்று தலை வைத்த ஆப்புக் கீயைச் சுத்தியலால் ஓங்கி அடித்து இறுக்குகிறவர்கள் அந்த விரிசலைத் தாங்களே உண்டாக்குகிறார்கள். சக்கரத்தைக் கழற்றித் தொங்கவிட்டுத் தட்டுங்கள். மணிபோல ஒலிக்க வேண்டும். மந்தமாக ஒலித்தால் விரிசல் இருக்கலாம், ஓட்ட வேண்டாம். நன்றாக ஒலித்தாலும் குடத்தில் விரிசலைக் காட்டும் சாயம் தடவிச் சோதித்துவிடுவது நல்லது. லிஸ்டரைப் பார்த்து ராஜ்கோட்டில் செய்த இன்ஜின்கள், ஆர்வலர்கள் லிஸ்டராய்ட் என்பவை, நன்றாக உழைக்கக் கூடியவைதான். ஆனால் சிலவற்றின் கிராங்க்கேஸில் வார்ப்பு மணல் ஒட்டியிருக்கும். சக்கரத்தில் உள்ள குழிகளைப் பட்டி வைத்து அடைத்து மேலே பெயின்ட் அடித்திருப்பதும் உண்டு. பெயின்டைச் சுரண்டிப் பார்க்காமல் வாங்கிய சக்கரத்தை நான் ஓட்டமாட்டேன்.

ஜெனரேட்டர் மாட்டுபவர்கள் செய்யும் ஒரு தவறும் இதே இடத்தில்தான் வந்து நிற்கிறது. நான்கு துருவ ஆல்டர்னேட்டர் 50 ஹெர்ட்ஸ் கொடுக்க 1500 சுற்று வேண்டும். இன்ஜின் 650. எனவே 24 அங்குல சக்கரத்திலிருந்து பெல்ட் போட்டால் ஆல்டர்னேட்டர் புல்லி சுமார் 10.4 அங்குலம் இருக்க வேண்டும். கையில் கிடைத்த 12 அங்குலப் புல்லியை மாட்டிவிட்டு, ஹெர்ட்ஸ் குறைகிறதே என்று கவர்னர் ஸ்பிரிங்கை இறுக்குகிறார்கள். இன்ஜின் 750 சுற்றில் ஓடும், மீட்டர் 50 காட்டும், எல்லாம் சரியாகிவிட்டதுபோலத் தெரியும். புல்லியில் உள்ள குறையை ஃபிளைவீல் சுமக்கிறது. புல்லியை மாற்றுங்கள், ஸ்பிரிங்கைத் தொடாதீர்கள். பல்பு லேசாகத் துடித்தால் கவலை வேண்டாம். 650 சுற்றில் நொடிக்கு ஐந்து தடவைக்குச் சற்று மேல்தான் வெடிப்பு. அந்தத் துடிப்புதான் விளக்கில் தெரிகிறது.

பழைய ஆல்டர்னேட்டரின் சுற்றுக்கம்பியை, மின்காப்பைச் சோதிக்கும் மெகர் வைத்துப் பார்க்காமல் ஓட்டாதீர்கள். மெயின் லைனோடு பிரிக்கும் சேஞ்ச்ஓவர் ஸ்விட்ச் இல்லாமல் வீட்டு வயரிங்கில் இணைக்கவே கூடாது. நீங்கள் அனுப்பும் மின்சாரம் தெருவின் டிரான்ஸ்ஃபார்மரில் தலைகீழாக ஏறி, கம்பத்தில் வேலை செய்பவரின் உயிரை எடுக்கும்.

புகைக்குழாயைச் சுற்றியிருக்கும் வெள்ளைக் கயிறும் பழைய கேஸ்கெட்டும் ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். உலர்வாகச் சுரண்டாதீர்கள். அதை அகற்றத் தெரிந்தவரிடம் கொடுங்கள். மூடிய கொட்டகையில் இரண்டு நிமிடம்தானே என்று ஓட்ட வேண்டாம். கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனை கிடையாது. நாசில் தூவுவதைப் பார்க்கும்போது கையை எதிரே நீட்டாதீர்கள். 100 பாருக்கு மேற்பட்ட அழுத்தத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். ஊசி குத்தியதுபோல்தான் தெரியும், ஆனால் உடனே மருத்துவமனைக்குப் போகாவிட்டால் விரலையே இழக்க நேரிடும்.

ஹேண்டில் ஷாஃப்ட்டில் இறுகாமல், இன்ஜின் பிடித்ததும் தானாக நழுவி வர வேண்டும். ஷாஃப்ட் முனையின் பிசிறை அரத்தால் எடுத்து, கொஞ்சம் எண்ணெய் தடவுங்கள். கட்டைவிரலும் மற்ற விரல்களும் ஒரே பக்கம் இருக்கட்டும். சிலிண்டர் அழுத்தத்தை விடுவிக்கும் டீகம்ப்ரஷன் லீவரைத் தூக்கி நன்றாக வேகம் கொடுத்து, அப்புறம் விடுங்கள். ஈதர் ஸ்பிரே அடிக்காதீர்கள். நேரத்துக்கு முன்பே வெடித்து ஹேண்டிலைத் திருப்பி அடிக்கும்.

முதல் ஓட்டம் 10 நிமிடம் போதும். நிறுத்திய பிறகு கொஞ்சம் ஆறவிட்டு, கிராங்க்கேஸ் கதவைத் திறந்து, பெரிய பியரிங்கைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். சூடாகச் சுட்டால் எண்ணெய் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். அப்படியே இரண்டு ஃபிளைவீல் கீயையும் பாருங்கள். கீயின் விளிம்பில் சிவப்புத் தூள் கசிந்திருந்தால் சக்கரம் ஷாஃப்ட்டில் அசைகிறது; கழற்றிப் புதிய கீயைப் பொருத்தும் வரை இரண்டாவது ஓட்டம் வேண்டாம்.